எம்.எஸ்சி கணிதம்: பக்கத்து ஊர்க் கல்லூரியா, பல்கலைக்கழகமா, நுழைவுத் தேர்வு எழுதிப் போவதா?

மே மாதம் பிறந்தால் என் வீட்டுக்கு யாராவது ஒரு பிள்ளை வந்துவிடும். பிளஸ் டூவில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் பி.எஸ்சி முடித்துவிட்டு, அப்பாவையோ மாமாவையோ கூட அழைத்துக்கொண்டு வருவார்கள். "மிஸ், எம்.எஸ்சி எங்கே சேரலாம்?" இந்த வருஷம் வந்தவள் கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. நான்கு வரி எழுதியிருந்தாள். பஸ்ஸில் நாற்பது நிமிஷ தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம். 'ஐஐடி' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கடைசி வரியில், 'முதலில் பி.எட்.'

அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினோம். அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நானும் சின்னக் கல்லூரியில் எம்.எஸ்சி படித்தவள்தான். டெல்டாவில் ஒரு டவுன், உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவு. வகுப்பில் பதினெட்டுப் பேர், அதில் பதினான்கு பேர் பெண்கள். அங்கே படித்ததால் எனக்குக் கிடைத்ததும் உண்டு, கிடைக்காமல் போனதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் கேட்பவருக்கு உதவும்.

எல்லோரும் முதலில் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றித்தான். உண்மையில் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பாடத்திட்டம் பல்கலைக்கழகம் வகுத்தது. தன்னாட்சிக் கல்லூரியும் அதை ஒட்டித்தான் வகுக்கும். அல்ஜீப்ராவுக்கு ஹெர்ஸ்டைன், ரியல் அனாலிசிஸுக்கு ரூடின், டோபாலஜிக்கு மங்க்ரஸ், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸுக்கு ஆல்ஃபோர்ஸ் என்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகளின் பாடத்திட்டத்தைத் திறந்தால் இந்தப் பெயர்கள் கண்ணில் படும். பெரிய நிறுவனங்களிலும் புழங்கும் புத்தகங்கள்தான் இவை.

வித்தியாசம் வருவது பரீட்சையில். அதை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். கச்சிதமான (காம்பாக்ட்) கணத்தின் மேல், உதாரணமாக 0 முதல் 1 வரை இரண்டு முனையும் சேர்ந்த மூடிய இடைவெளியின் மேல், தொடர்ச்சியாக இருக்கும் ஒரு சார்பு, அங்கே சீரான தொடர்ச்சியும் (யூனிஃபார்ம் கன்டினியூட்டி) உடையது. ரூடினில் நான்காம் அத்தியாயத்தில் வரும் தேற்றம். செமஸ்டர் தேர்வில் இது 'நிறுவுக' என்று பத்து மார்க்குக்கு வரும். எங்கள் செட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம். எந்த யூனிட், எந்த வருஷத்துக் கேள்வித்தாளில் வந்தது என்பது வரைக்கும் தெரியும்.

இதே தேற்றத்தை ஒரு நுழைவுத் தேர்வு வேறு மாதிரி கேட்கும். 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள திறந்த இடைவெளியில் இந்த நான்கில் எவை சீரான தொடர்ச்சி உடையவை? ஒன் பை எக்ஸ். சைன் ஒன் பை எக்ஸ். எக்ஸ் சைன் ஒன் பை எக்ஸ். எக்ஸின் வர்க்கமூலம். திறந்த இடைவெளி கச்சிதமானது இல்லை, அதனால் தேற்றத்தை நேரடியாகப் போட முடியாது. ஆனால் ஒரு சார்பை இரண்டு முனைகளுக்கும் தொடர்ச்சி கெடாமல் நீட்ட முடிந்தால், மூடிய இடைவெளிக்கு வந்துவிடுவோம். அங்கே தேற்றம் வேலை செய்யும். மூன்றாவதும் நான்காவதும் அப்படி நீளும். ஒன் பை எக்ஸ், பூஜ்யத்தை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் ஏறிவிடும். சைன் ஒன் பை எக்ஸ் ஒன்றுக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவேதான் இருக்கும், ஆனாலும் பூஜ்யத்தருகே ஓர் இடத்தில் நிலைக்காது. ஆக, விடை கடைசி இரண்டு. யோசித்தால் இரண்டு நிமிஷ வேலை. பத்து மார்க் நிரூபணத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதத் தெரிந்த எனக்கு, இந்த மாதிரிக் கேள்வியை முதன்முதலாகப் பார்த்தபோது பேனா நகரவில்லை.

கல்லூரியை எடைபோடும்போது நான் பார்ப்பது இதைத்தான். இந்த இரண்டாவது வகைக் கேள்வியை உங்களிடம் கேட்க அங்கே ஒரு ஆள் உண்டா?

எனக்கு ஒருவர் இருந்தார். முதல் இரண்டு செமஸ்டரும் ரியல் அனாலிசிஸ் எடுத்த சார். தொகுப்பூதியத்தில் இருந்தவர், தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். தேற்றத்தைப் போர்டில் எழுதுவார். அப்புறம் நிபந்தனைகளில் ஒன்றை டஸ்டரால் அழித்துவிட்டு, "இப்போ எந்த வரியில உடையும்?" என்று கேட்பார். பதில் வாயால் சொல்லக் கூடாது, சாக்பீஸை வாங்கிக்கொண்டு போர்டுக்குப் போக வேண்டும். பதினெட்டே பேர் என்பதால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் முறை வந்துவிடும். தப்பாக எழுதினால் திட்ட மாட்டார். அந்தத் தப்பையே ஒரு எதிர் எடுத்துக்காட்டாக மாற்றிக் காட்டிவிட்டு உட்காரச் சொல்வார். அறுபது பேர் உட்காரும் வகுப்பில் இப்படி நடத்த முடியாது. சின்னக் கல்லூரி தரக்கூடிய பெரிய செல்வம் இதுதான். ஓர் ஆசிரியர், கொஞ்சம் பிள்ளைகள், ஒரு கரும்பலகை.

மூன்றாவது செமஸ்டரில் அந்த சார் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தச் சம்பளத்தில் எத்தனை நாள்தான் இருப்பார்! ஃபங்ஷனல் அனாலிசிஸுக்கு இரண்டு மாதம் ஆள் இல்லை. பிறகு வந்தவர் நோட்ஸ் டிக்டேட் செய்தார், நாங்கள் எழுதினோம். ஹான்–பானாக் தேற்றத்துக்கு 9 மார்க் வாங்கினேன். அது எதற்காக இருக்கிறது என்பது எம்.எஸ்சி முடித்து மூன்று வருஷம் கழித்து நானாக உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. விருப்பப் பாடம் என்று பாடத்திட்டத்தில் நான்கு போட்டிருக்கும். எங்களுக்கு வாய்த்தது, எடுக்க ஆள் இருந்த ஒன்று. ப்ராஜெக்ட் என்ற பெயரில் முந்தைய செட் எழுதியதைத் தலைப்பு மாற்றி டைப் செய்து பைண்டிங் போட்டுக் கொடுத்தோம். அதைக் கேட்க யாரும் இல்லை.

எனவே சின்னக் கல்லூரி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அது ஒன்றிரண்டு ஆட்களைப் பொறுத்த விஷயம். அந்த ஆள் இருக்கிறாரா, இரண்டு வருஷமும் இருப்பாரா என்பதைச் சேருவதற்கு முன்னால் நேரில் போய்த் தெரிந்துகொள்ளலாம். அட்மிஷன் கவுண்டரில் அல்ல, டிபார்ட்மெண்டில். கல்லூரி நடக்கும் நாளாகப் பார்த்து மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் யாராவது மாணவர்களோடு உட்கார்ந்திருந்தால் அதுவே நல்ல அடையாளம். நிரந்தரப் பணியில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். போன வருஷம் மூன்றாவது செமஸ்டர் பாடங்களை யார் யார் எடுத்தார்கள் என்று, ஆசிரியரிடம் கேட்பதைவிட, இரண்டாமாண்டு அக்காக்களிடம் கேளுங்கள். கடைசி இரண்டு பேட்ச்சில் யாராவது கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டோ, அதன் மாநில அளவுத் தேர்வான செட்டோ பாஸ் செய்திருக்கிறார்களா, யாராவது பி.எச்டிக்கு வெளியே போயிருக்கிறார்களா என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். நூலகத்தில் ரூடினை எடுத்துப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஐந்து வருஷமாக யாரும் எடுக்காத புத்தகம் என்றால், அங்கே படிப்பு கைடிலிருந்து நடக்கிறது என்று அர்த்தம்.

இனி பல்கலைக்கழகத் துறை. பாரதிதாசன், அழகப்பா, மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், பெரியார், பாரதியார் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு ராமானுஜன் உயர் கணித ஆய்வு நிறுவனமே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 1950-இல் தொடங்கி, பின்னால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நிறுவனம் அது. கல்லூரிக்கும் இந்தத் துறைகளுக்கும் வகுப்பறையைவிட வராந்தாவில்தான் வித்தியாசம் அதிகம். அங்கே ஆராய்ச்சி மாணவர்கள் இருப்பார்கள். நெட் எழுதி ஃபெல்லோஷிப் வாங்குகிறவர், தீசிஸ் எழுதுகிறவர், வெளியூர்க் கருத்தரங்குக்குக் கிளம்புகிறவர் எல்லோரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். கணக்கில் பி.எச்டி என்று ஒன்று உண்டு, நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்த ஆளும் அதைச் செய்ய முடியும் என்பதை யாரும் பாடமாக எடுப்பதில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அப்படி ஒரு ஆளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயது 26.

ஆனால் பல்கலைக்கழகம் என்றாலே செமஸ்டர் நோட்ஸ் பழக்கம் இருக்காது என்று எண்ண வேண்டாம். அங்கேயும் உண்டு. அங்கே பத்துப் பேர் அதை மீறிப் படிப்பார்கள், அந்தப் பத்துப் பேரோடு நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். சின்னக் கல்லூரியில் அந்த இடத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கக்கூடும். தனியாளாக இரண்டு வருஷம் அந்தப் பிடியை விடாமல் இருப்பது லேசான காரியம் இல்லை.

அடுத்து, அந்தப் பெண் கேள்விக்குறி போட்டிருந்த வரி. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஜாம் தேர்வு மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மார்க். கணிதத் தாள் முழுக்க பி.எஸ்சி பாடம்தான். வரிசைகள், தொடர்கள், பல மாறிக் கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி. இந்த மார்க்கை வைத்து ஐஐடி மெட்ராஸில் சேரலாம். தனிக் கலந்தாய்வு வழியாக என்.ஐ.டிகளிலும் சேரலாம். திருவாரூரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் சி.யு.இ.டி என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ-க்கு (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்) தனி நுழைவுத் தேர்வு. இந்தியாவில் கணிதம் படிக்க இருக்கும் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று அது. நம் ஊரிலிருந்து ஒரே ராத்திரி பஸ் பயணம். ஆனால் எங்கள் பக்கத்து பி.எஸ்சி வகுப்புகளில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வழியை நம் பிள்ளைகளுக்கு மூடுவது கஷ்டமான கேள்வித்தாள் இல்லை, தேதி. ஜாமுக்கு விண்ணப்பிக்க வேண்டியது செப்டம்பர், அக்டோபரில். தேர்வு பிப்ரவரியில். சி.யு.இ.டி-க்கும் விண்ணப்பம் குளிர்காலத்தோடு முடிந்துவிடுகிறது. அதாவது எம்.எஸ்சி எங்கே படிப்பது என்ற முடிவை மூன்றாமாண்டின் தொடக்கத்திலேயே, ஐந்தாவது செமஸ்டரில் எடுக்க வேண்டும். நம் வீடுகளிலோ அந்தப் பேச்சு ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெண்ணும் மே மாதம் வந்துதான் கேட்டாள். தாளில் அந்த வரியை அடிக்கும்போது எனக்குக் கை வரவில்லை. அவள் பி.எஸ்சி படித்தபோது நானே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இரண்டாமாண்டு பி.எஸ்சி கணிதம் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வாரா வாரம் அசைன்மெண்ட், அடிக்கடி க்விஸ். ஒரு வாரத்தில் நடத்துவது, நம் கல்லூரியில் ஒரு மாதம் ஓடும். என்னிடம் படித்த ஒரு பையன் அப்படிப் போனான். முதல் செமஸ்டரில் தினமும் ராத்திரி போன் செய்து "திரும்பி வந்துடட்டுமா மிஸ்?" என்று கேட்பான். இரண்டாவது செமஸ்டரில் போன் குறைந்தது. மூன்றாவதில், தனக்குப் பிடித்த பாடத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினான், எனக்குப் பாதிதான் புரிந்தது. முதல் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்பது அவனைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது. அந்த ஆறு மாதம் வீட்டில் இருப்பவர்கள் 'உனக்கு எதுக்கு இது' என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

ஜாம் தவறிவிட்டது, ஒரு வருஷம் வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் தனி அறையும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆளும், கல்யாணப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிப்போடும் பெற்றோரும் இருந்தால் சரி. இல்லையென்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் விஷயத்தில், படிப்பை விட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள் மறுபடி படிக்க வருவது எவ்வளவு சிரமம் என்பதைப் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு அட்மிஷன் இருப்பது பாதுகாப்பு. எம்.எஸ்சி முடித்த பிறகும் கதவு திறந்துதான் இருக்கிறது. நெட், கேட், என்.பி.எச்.எம் (தேசிய உயர் கணித வாரியம்) ஆகிய தேர்வுகள் வழியாகப் பெரிய நிறுவனங்களில் பி.எச்டிக்குப் போகலாம். அங்கே நீங்கள் எந்த ஊர்க் கல்லூரியில் படித்தீர்கள் என்பதைவிட, நேர்காணலில் போர்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நான்காவது வரி பி.எட். இதில் குழப்பமே வேண்டாம். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டும் என்றால் எம்.எஸ்சி, பி.எட். இரண்டும் வேண்டும், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். எதை முதலில் முடித்தாலும் மொத்தம் நான்கு வருஷம். என் கருத்து, கணக்குச் சூடு ஆறுவதற்குள் எம்.எஸ்சியை முடித்துவிடுவது நல்லது. இரண்டு வருஷம் பாடத்திட்டக் குறிப்பேடும் கற்பித்தல் பயிற்சியுமாக இருந்துவிட்டு மறுபடி ரூடினைத் திறப்பது கஷ்டம். ஆனால் குடும்பத்துக்குச் சீக்கிரம் ஒரு சம்பளம் வேண்டும் என்றால் பி.எட். முதலில் என்பதே சரி. தகுதித் தேர்வும் அதன் பிறகு நியமனத்துக்கான போட்டித் தேர்வும் எழுதி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம், தனியார் பள்ளியில் உடனே வேலை கிடைக்கும், எம்.எஸ்சியைத் தொலைநிலையில் முடித்துக்கொள்ளலாம். தொலைநிலையில் எம்.எஸ்சி கணிதம் என்பது பட்டத்துக்குச் சரி, கணக்குக் கற்றுக்கொள்வதற்குப் போதாது. நிரூபணத்தை யாரிடமாவது எழுதிக் காட்டித் திருத்திக்கொள்ளாமல் இந்தப் பாடம் வராது.

பெரியவர்கள் சிலர் இன்னும் "எம்.எஸ்சி முடிச்சு ஒரு எம்.ஃபில் போட்டா காலேஜ்ல சேர்ந்துடலாம்" என்று சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. யுஜிசி 2022-இல் கொண்டுவந்த விதிமுறையோடு எம்.ஃபில் படிப்பே நிறுத்தப்பட்டது. கல்லூரியில் உதவிப் பேராசிரியராக, எம்.எஸ்சியில் 55 சதவீதமும் அதோடு நெட், செட், பி.எச்டி ஆகியவற்றில் ஒன்றும் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மார்க்கில் தளர்வு உண்டு.

இதனால்தான் எந்த வேலைக்குப் போவது என்பதும் கல்லூரித் தேர்வில் கலந்துவிடுகிறது. முதுகலை ஆசிரியர் தேர்வில் பாடத்துக்கு 110, கல்வி முறைக்கு 30, பொது அறிவுக்கு 10 என 150 மார்க். அந்த 110-ஐ, சின்னக் கல்லூரியில் ஒழுங்காகப் படித்து, பிறகு ஒரு வருஷம் உட்கார்ந்தால் எட்டிப் பிடிக்கலாம். நான் அப்படித்தான் வந்தேன். கணிதத்துக்கான நெட் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர் நெட் வேறு மாதிரி. அதில் 200-க்கு 95 மார்க் சி பகுதியிலிருந்து வருகிறது. ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், சரியான எல்லாவற்றையும் குறித்தால்தான் மார்க். நான்கில் மூன்று தெரிந்தால் பூஜ்யம்தான். மனப்பாடம் அங்கே ஒரு அடிகூட நகர உதவாது. நெட்டும் ஆராய்ச்சியும்தான் குறி என்றால், பல்கலைக்கழகத் துறைக்கோ நுழைவுத் தேர்வு எழுதி அதற்கு மேலோ போங்கள். சின்னக் கல்லூரியில் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், முதல் நாளிலிருந்தே வெளியிலிருந்து உதவி தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த உதவி இப்போது கிடைக்கிறது. என் காலத்தைவிட நிறையவே கிடைக்கிறது. என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ் என்ற கோடைப் பயிற்சி இருக்கிறது. பல வாரம் தங்கிப் படிக்க வேண்டும். ஆசிரியர் விரிவுரை ஆற்றிவிட்டுப் போக மாட்டார், கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளையே நிரூபிக்க வைப்பார். எங்கள் ரியல் அனாலிசிஸ் சார் செய்ததை நாள் முழுக்கச் செய்வது போல. முதலாண்டு எம்.எஸ்சி கோடையில் அதற்குப் போய்வந்தவள் இரண்டாமாண்டில் வேறு ஆளாக இருப்பாள். விண்ணப்பத்துக்கு ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். அதைக் கேட்கத் தயங்கியே பலர் விட்டுவிடுகிறார்கள். என்.பி.எச்.எம் எம்.எஸ்சி மாணவர்களுக்கே உதவித்தொகை தருகிறது, அதற்கும் தேர்வு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், வகுப்பில் இன்னும் ஒருவரைப் பிடித்துக்கொள்வது. இரண்டு பேர், வாரத்துக்கு ஒரு நாள், அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகளை மட்டும் போடுவது. எங்கள் கைடுகளில் இல்லாதது அந்தக் கடைசிப் பக்கங்கள்தான்.

பணம், பயணம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரசுக் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும், சுயநிதியில் பல ஆயிரங்கள். ஹாஸ்டல் சேர்ந்தால் எந்தக் கணக்கும் மாறும். அரசின் சாதாரண டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நேரத்துக்கு விலை உண்டு. போக வர நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்றால் ராத்திரி கணக்குப் போட உடம்பு ஒத்துழைக்காது. போக ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், ஹாஸ்டல் இருக்கும் பல்கலைக்கழகமே மேல் என்பேன்.

அந்தப் பெண் போகும்போது ஒன்று கேட்டாள். பி.எஸ்சி தமிழ் வழியில் படித்தவள். "எனக்குப் புரியுது மிஸ், இங்கிலீஷ்ல எழுதத்தான் வரலை." இந்தப் பயத்தால் எம்.எஸ்சியையே விட்டவர்களை எனக்குத் தெரியும். நிரூபணம் எழுதத் தேவைப்படும் ஆங்கிலம் ஒரு நூறு சொற்களுக்குள் அடங்கும். லெட், சப்போஸ், ஃபார் எவ்ரி, தேர் எக்ஸிஸ்ட்ஸ், ஹென்ஸ். இவற்றின் வரிசை மாறினால் பொருள் மாறும் என்பதுதான் கவனிக்க வேண்டியது, அதைத் தமிழில் யோசித்தாலே பிடிபட்டுவிடும். தொடர்ச்சி என்றால் அந்தந்தப் புள்ளிக்கு ஏற்ற டெல்டா (எவ்வளவு நெருங்க வேண்டும் என்ற அளவு). சீரான தொடர்ச்சி என்றால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா. 'அந்தந்த', 'ஒரே' என்ற இரண்டு சொல்லில் முழு வித்தியாசமும் இருக்கிறது. இதை அவளிடம் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா, "அளவெடுத்துத் தைக்கிற சட்டைக்கும், எல்லாருக்கும் ஒரே சைஸ்ல தைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசமா?" என்று கேட்டார். தையல்காரர். நான் இப்போது வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன்.

தாளில் மிச்சம் இருந்தவை இரண்டு. பக்கத்துக் கல்லூரி, திருச்சி. இரண்டையும் அப்பாவும் பெண்ணுமாக நேரில் போய்ப் பார்த்தார்கள். திருச்சியில் நூலகமும் ஹாஸ்டலும் அவளுக்குப் பிடித்திருந்தன. பக்கத்துக் கல்லூரியில் அவர்கள் போன நேரம், டிபார்ட்மெண்டில் ஒரு மேடம் மட்டும் இருந்திருக்கிறார். ஒன்பது வருஷமாக நிரந்தரப் பணியில் இருப்பவர், அல்ஜீப்ராவில் பி.எச்டி. இவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் கணக்கு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு குலத்தில் (குரூப்) எந்த உறுப்பை வர்க்கப்படுத்தினாலும் சமனி உறுப்பே வந்தால், அது பரிமாற்றுக் குலம், அதாவது பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாத குலம், என்று காட்டு. "போட்டுட்டு வாம்மா, ஃபீஸ் கட்டறதெல்லாம் அப்புறம்."

பஸ்ஸில் வரும்போதே போட்டுவிட்டாள். மூன்று வரி. மறுநாள் எடுத்துக்கொண்டு போனவளை உட்கார வைத்து, எந்த வரியில் எந்த நிபந்தனையைப் பயன்படுத்தினாள் என்று அரை மணி நேரம் கேட்டிருக்கிறார். கடைசியில், "வர்க்கத்துக்குப் பதிலா கனம்னு வச்சா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் பணத்தில் இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நோட்டில் ஏழெட்டுப் பக்கம் அடித்து அடித்து எழுதியிருந்தது. கனம் என்றால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றுகிறதாம், எடுத்துக்காட்டுத்தான் கிடைக்கவில்லை. 9 உறுப்பு வரைக்கும் பார்த்துவிட்டாள். 27 உறுப்புள்ள குலத்தில் தேடு என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.